லிட்டருக்கு நாற்பது மில்லி

படாங் செராயில் எல்லாமே எண்ணெய்தான்.
மோட்டார் சைக்கிளுக்குப் போடுவது எண்ணெய்.
இஞ்சினுக்கு அடியில் கிடப்பது கருப்பெண்ணெய்.
லாரி லாரியாய்ச் செம்பனைக் குலை போய்
ஆலையில் பிழிபட்டு வருவதும் எண்ணெய்.
"எண்ணெய் போட்டாச்சா?" என்றால்
எதற்கு, எது, எவ்வளவு என்று
யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

என்னிடம் இரண்டு மெஷின்கள்.
தள்ளிப் போவது ஃபோர் ஸ்ட்ரோக்.
கருப்பெண்ணெய்க்கு அதற்குத் தனி வயிறு உண்டு,
டாங்கியில் வெறும் பெட்ரோல் போதும்.
தோளில் மாட்டுவது டூ ஸ்ட்ரோக்,
ஒரே வாய், ஒரே வயிறு.
லிட்டருக்கு நாற்பது மில்லி டூ-டி
கலந்து, குலுக்கி, ஊற்ற வேண்டும்.
மகளுடைய இருமல் மருந்து மூடியில்தான் அளக்கிறேன்.

தொண்ணூற்றேழு போட்டுப் பார்த்தேன் ஒருமுறை.
புல்லுக்கு விலை தெரியவில்லை,
எப்போதும்போலவே விழுந்தது.
அதிலிருந்து தொண்ணூற்றைந்துதான்.
அதையும் ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை.
தீபாவளிக்கு வாங்கியதைப் பொங்கலுக்குத் திறந்தால்
வார்னிஷ் மாதிரி நாறும்,
கார்ப்பரேட்டரில் பிசினாகப் படியும்.

இவ்வளவும் தெரிந்தவள் நான்.

மறுநாள் தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டி.
திடலில் நான் தள்ளிக்கொண்டிருந்தேன்.
மேட்டுச் சரிவில் ஷஹாபுதீன்.
அவனுக்குத் தெரிந்த தமிழ் இரண்டே வாக்கியம்:
"சரி அக்கா", "மழை வருது".
அவன் மெஷின் பத்து நிமிடம் ஓடியது,
வழக்கத்தைவிடக் கூர்மையான குரலில்.
பிறகு கத்தியது.
பிறகு ஒன்றுமில்லை.
கயிற்றை இழுத்தால் கல்.

மூன்று மொழியில் திட்டினேன்.
ஐம்பது வெள்ளி பிடிப்பேன் என்றேன், பிடித்தேன்.
"சரி அக்கா" என்றான்.

கடைவரிசையில் ஆ மெங் சைலன்சரைக் கழற்றி
பிஸ்டனை வெளிச்சத்துக்குத் தூக்கினார்.
நெடுக நெடுகக் கீறல்,
பூனை பிறாண்டிய கதவு மாதிரி.
டாங்கியில் மிச்சமிருந்ததை
வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினார்.
நீலம் இல்லை.
டூ-டி கலந்தால் லேசாக நீலம் பூக்கும்.
இது தண்ணீர்போலக் கிடந்தது.
"யார் ஊத்தினது?" என்று கேட்டார் மலாயில்.

வாயைத் திறந்தேன், அவன் பெயரைச் சொல்ல.
அப்போது அந்த மற்ற மெஷின் ஞாபகம் வந்தது:
காலையிலிருந்து நீலமாகப் புகைந்துகொண்டே வந்தது.
வயசாகிவிட்டது அதற்கு என்று நினைத்திருந்தேன்.

விடியாத ஐந்தரை மணி,
பின்வாசலில் ஒரே மாதிரி இரண்டு தண்ணீர் போத்தல்,
பெயர் எழுதாதவை.
விளக்கைப் போடச் சோம்பல்.
என் கைதான்.

நூற்று எண்பது வெள்ளி கணக்கெழுதினார் ஆ மெங்.
அது போகட்டும்.
பிள்ளைகள் பாதி மழித்த சரிவில் உட்கார்ந்து
கைதட்டினார்கள், அதுவும் போகட்டும்.

ஷஹாபுதீன் அறையில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.
ஐம்பதை நீட்டினேன்.
"நான்தான் ஊத்தினேன்" என்றேன்,
என் மார்பைத் தொட்டு, போத்தலைச் சாய்ப்பதுபோல் கை காட்டி.
நோட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
அவனிடம் இருந்த இரண்டில் ஒன்றைத்தானே தர முடியும்.
கொஞ்சம் பொறுத்துத்தான் தந்தான்.

இப்போது கலந்த போத்தலின் கழுத்தில்
மகளுடைய சிவப்பு நகப்பூச்சு.
விளக்கையும் போடுகிறேன்.
ஆனாலும் காலையில் வேலை தொடங்குமுன்
என் கையிலிருந்து போத்தலை வாங்கி
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறான் ஷஹாபுதீன்.
பார்த்து முடிக்கட்டும் என்று
நிற்கிறேன்.